லேப்டாப் வாங்கப் போகிறீர்களா? முதலில் பேப்பரும் பேனாவும் எடுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்து காலேஜ் அட்மிஷன் தொடங்கிவிட்டால் போதும், என் செல்போனுக்கு ஓய்வே இருக்காது. உறவினர்கள், நண்பர்கள், நண்பர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "ஒரு லேப்டாப் வாங்கணும். எது நல்லதுன்னு சொல்லுங்க." நான் பதிலுக்கு, "அதில் என்ன வேலை செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்பேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இருக்காது. பிறகு, "எல்லாத்துக்கும்தான்" என்று பதில் வரும்.

இந்த "எல்லாத்துக்கும்தான்" என்ற ஒரு சொல்லில்தான் பல குடும்பங்களின் பணம் வீணாகிறது என்பது என் கருத்து. நல்ல லேப்டாப், மோசமான லேப்டாப் என்று பொதுவாக எதுவும் இல்லை. உங்கள் வேலைக்குப் பொருந்துவது, பொருந்தாதது என்று இரண்டு வகைதான் உண்டு. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் கண் முன்னால் நடந்த இரண்டு தவறுகள் சொல்லிக் கொடுத்த பாடம் இது. அதில் ஒன்று நானே செய்த தவறு.

அதிகம் கொடுத்து ஏமாந்த கதை

2024ஆம் ஆண்டு என் அக்கா மகனுக்கு இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவில் இடம் கிடைத்தது. அத்தான் மளிகைக் கடை வைத்திருப்பவர். லேப்டாப்புக்கென்று 50 ஆயிரம் ரூபாய் எடுத்து வைத்திருந்தார். நான் வெளியூரில் இருந்த நேரம் பார்த்து அப்பாவும் மகனும் கடைக்குப் போயிருக்கிறார்கள். "இன்ஜினியரிங் என்றால் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் முடியாது சார். நாலு வருஷம் தாங்கணும் இல்லையா?" என்று விற்பனையாளர் கேட்டிருக்கிறார். படிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் எந்த அப்பாவும் பணத்தைப் பற்றிப் பேசமாட்டார். 78 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கேமிங் லேப்டாப் வீட்டுக்கு வந்தது. பற்றாக்குறை 28 ஆயிரத்துக்குத் தவணை.

"மாப்ளே, கொஞ்சம் கூடத்தான் போச்சு. பையன் படிப்புக்குத்தானே" என்றார் அத்தான் போனில். நான் ஒன்றும் சொல்லவில்லை. வாங்கிய பிறகு சொல்லி என்ன பயன்?

அந்த லேப்டாப்பின் எடை 2.4 கிலோ. செங்கல் மாதிரி இருக்கும் அதன் சார்ஜரையும் சேர்த்தால் மூன்று கிலோவை நெருங்கும். பேட்டரி இரண்டரை மணி நேரம்கூட முழுதாக நிற்காது. வகுப்பில் ஐம்பது பேருக்கு நான்கு பிளக் பாயின்ட். இரண்டாவது செமஸ்டரில் கேட்டபோது மருமகன் சொன்னான்: "மாமா, அதைத் தூக்கிட்டு மூணு மாடி ஏற முடியலை. ஹாஸ்டல்லயே வச்சிட்டுப் போயிடறேன்." வகுப்பில் பக்கத்தில் இருப்பவனின் லேப்டாப்பில் எட்டிப் பார்த்துக்கொள்கிறான். அவன் எழுதுவதோ சி, பைத்தான் மொழிகளில் சின்னச் சின்ன புரோகிராம்கள். அதற்குக் கிராபிக்ஸ் கார்டு ஒரு மூலையிலும் வேலை செய்வதில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதே லேப்டாப்பை, சாலிட் ஒர்க்ஸ் மாதிரி முப்பரிமாண வடிவமைப்பு சாப்ட்வேர் பயன்படுத்தும் மெக்கானிக்கல் மாணவனோ, வீடியோ எடிட்டிங்கைத் தொழிலாகச் செய்பவரோ வாங்கியிருந்தால் அது சரியான தேர்வு. லேப்டாப் மீது குற்றம் இல்லை. ஆள் மாறிவிட்டார், அவ்வளவுதான்.

குறைவாகக் கொடுத்து ஏமாந்த கதை

இது என் கதை. 2019ஆம் ஆண்டு எங்கள் எதிர்வீட்டு டீச்சர் என்னிடம் யோசனை கேட்டார். "பாடக் குறிப்பு டைப் செய்யணும் தம்பி, கொஞ்சம் இன்டர்நெட் பார்க்கணும். அவ்வளவுதான்" என்றார். இவ்வளவுக்கு எதற்குப் பெரிய செலவு என்று நினைத்து, 17 ஆயிரம் ரூபாய் விலையில் ஒரு சிறிய லேப்டாப்பைக் காட்டினேன். 4 ஜிபி மெமரி. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக 32 ஜிபி இஎம்எம்சி சேமிப்பு. இரண்டுமே மதர்போர்டில் பற்றவைத்து வந்தவை, மாற்றவே முடியாது. டீச்சர் மகிழ்ச்சியோடு வாங்கினார். நானும் பதினைந்தாயிரமாவது மிச்சப்படுத்திக் கொடுத்தேன் என்று பெருமைப்பட்டேன்.

ஆறே மாதத்தில் விண்டோஸ் அப்டேட் வந்தபோது டிஸ்க்கில் இடம் போதவில்லை. விண்டோஸே அந்த 32 ஜிபியில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. போட்டோக்களை எல்லாம் பென் டிரைவுக்கு மாற்றியும் அப்டேட் பாதியில் நின்றது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு வந்தது, பள்ளிகள் ஆன்லைன் வகுப்புக்கு மாறின. வீடியோ வகுப்பையும் பாடக் குறிப்பையும் ஒரே நேரத்தில் திறந்தால் அந்த லேப்டாப் அப்படியே உறைந்து நிற்கும். கடைசியில் டீச்சர் நான்கு புத்தகங்களை அடுக்கி, அதன் மேல் மகனின் செல்போனைச் சாய்த்து வைத்துப் பாடம் நடத்தினார். "பரவாயில்லை தம்பி, இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்?" என்றார். ஊரடங்கு வரும் என்று எனக்குத் தெரியாதுதான். ஆனால் மாற்ற முடியாத 32 ஜிபி எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே விலை அதிகம் என்பது தரம் ஆகாது. விலை குறைவு என்பது சேமிப்பும் ஆகாது.

பேப்பரில் எழுத வேண்டியவை

கடைக்குப் போகும் முன், இணையத்தில் விலை பார்க்கும் முன், ஒரு பேப்பரில் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

முதல் கேள்வி: எந்த எந்த சாப்ட்வேரைப் பயன்படுத்தப் போகிறேன்? "படிப்புக்கு" என்று எழுதாதீர்கள். டேலி, ஆட்டோகேட், போட்டோஷாப், எக்செல் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். தெரியாவிட்டால் காலேஜில் கேளுங்கள், சீனியர் மாணவர்களைக் கேளுங்கள். கடையில் கணக்கு எழுத டேலி மட்டும் போதும் என்பவருக்கு விலை உயர்ந்த பிராசசர் தேவையில்லை. ஆனால் டேலி விண்டோஸில்தான் ஓடும். ஆகவே அவர் குரோம்புக் வாங்கக் கூடாது, ஆப்பிள் மேக்புக்கும் அவருக்கு உதவாது. இந்த ஒரு வரி எழுதியதிலேயே பாதிக் கடையை ஒதுக்கிவிட்டோம் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி: அது எங்கே இருக்கும்? தினமும் பஸ்ஸில் போகுமா, வீட்டு மேஜையிலேயே இருக்குமா? தினமும் தூக்கிச் செல்பவர் 14 அங்குலத் திரையும் ஒன்றரை கிலோவுக்குள் எடையும் உள்ளதைப் பார்க்கலாம். மேஜையை விட்டு நகராது என்றால், உங்களுக்கு லேப்டாப்தான் வேண்டுமா என்றே யோசியுங்கள். அதே பணத்துக்கு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் பெரிய திரை, வசதியான கீ போர்ட், சுலபமான ரிப்பேர் எல்லாம் தரும். கரண்ட் போனால் என்ன செய்வது என்பீர்கள். அது நியாயமான கேள்வி. யுபிஎஸ் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

மூன்றாவது கேள்வி: வீட்டில் வேறு யார் பயன்படுத்துவார்கள்? மகளுக்கென்று வாங்கியதில் அப்பா வரிக் கணக்கு பார்ப்பார், தம்பி வீடியோ பார்ப்பான். டிஸ்க் அளவை இதுதான் தீர்மானிக்கும்.

நான்காவது கேள்வி: எத்தனை ஆண்டுகள் உழைக்க வேண்டும்? பெரும்பாலான வீடுகளில் நான்கைந்து ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் இந்தச் செலவைச் செய்ய முடியாது. இந்தக் கேள்வியை டீச்சருக்காக நான் கேட்காமல் விட்டேன்.

கடைசியாகத்தான் பட்ஜெட். கையில் இருக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். பை, மவுஸ், பேக்கப் எடுக்க ஒரு வெளி டிஸ்க் எல்லாம் அதில் அடங்க வேண்டும். மீதிதான் லேப்டாப்பின் விலை.

மாற்ற முடியாததற்கு முதல் மரியாதை

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பணம் எல்லாருக்கும் அளவோடுதான் இருக்கிறது. எதில் தாராளம் காட்டுவது, எதில் கையைச் சுருக்குவது? நான் பின்பற்றும் விதி ஒன்றே ஒன்றுதான். பின்னால் மாற்ற முடியாதவற்றுக்கு முதலில் பணம் கொடுங்கள். மாற்ற முடிபவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

திரை, கீ போர்டின் தரம், எடை, பிராசசர் ஆகியவை வாங்கியது வாங்கியதுதான். பெரும்பாலான மாடல்களில் எஸ்எஸ்டியைப் பின்னால் பெரிதாக மாற்றலாம். பேட்டரி தேய்ந்தால் புதிது போடலாம். மெமரி மட்டும் மாடலைப் பொறுத்தது.

கடைகளில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. "1 டிபி எஸ்எஸ்டி சார்" என்று பெரிய எண்ணைக் காட்டி, கண் வலிக்கும் மங்கலான திரையை விற்றுவிடுகிறார்கள். எஸ்எஸ்டியை இரண்டு ஆண்டு கழித்துக்கூட மாற்றலாம். திரையைத் தினமும் நான்கு மணி நேரம் நீங்கள்தான் பார்க்க வேண்டும். 1920க்கு 1080 என்ற முழு எச்டி அளவுக்குக் குறையாமல் இருக்கட்டும். ஐபிஎஸ் வகைப் பேனலா என்று கேளுங்கள். கடையில் லேப்டாப்பைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், திரையைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். நிறம் வெளுத்தோ கருத்தோ போனால் வேண்டாம். கீ போர்டில் உங்கள் பெயரையும் முகவரியையும் ஒரு முறை டைப் செய்து பாருங்கள். கூச்சப்பட வேண்டாம், செருப்பு வாங்கும்போதே இரண்டு அடி நடந்து பார்க்கிறோம் இல்லையா?

பிராசசர்: ஸ்டிக்கரை நம்பாதீர்கள்

"ஐ7 இருக்கு சார், ஐ5ஐ விட உசத்தி." கடைகளில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் ஒப்பிட மட்டுமே உதவும். ஓர் உதாரணம் பாருங்கள். 2016ஆம் ஆண்டு வந்த இன்டெல் ஐ7-7500யு பிராசசரில் இரண்டு கோர்கள். அடுத்த ஆண்டே வந்த ஐ5-8250யு பிராசசரில் நான்கு கோர்கள். அதோடு முடியவில்லை. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாப்ட் வெளியிட்ட பிராசசர் பட்டியலில் அந்த ஐ5 உண்டு, அந்த ஐ7 இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய லேப்டாப் வாங்குகிறவர் "ஐ7" என்ற ஸ்டிக்கரை மட்டும் பார்த்தால் கதி என்ன என்று யோசியுங்கள்.

ஏஎம்டியிலும் இதே கதைதான். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு என்ற இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி போலத் தோன்றும். இந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் தொழில்நுட்பத்தின் வயதைச் சொல்கிறது. 2 என்றால் 2019ஆம் ஆண்டு வந்த ஜென் 2. 3 என்றால் அதற்கு அடுத்து வந்த ஜென் 3. முன்னதில் நான்கு கோர்கள், பின்னதில் ஆறு. ஸ்டிக்கரில் இரண்டுக்கும் "ரைசன் 5" என்றுதான் இருக்கும்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் கவனியுங்கள். யு என்றால் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் வகை, பேட்டரி நிற்கும். எச் என்றால் வேகம் அதிகம், சூடும் அதிகம், பேட்டரி சீக்கிரம் இறங்கும். இன்டெல் என்100 போன்றவை, முன்பு செலரான், பென்டியம் என்ற பெயர்களில் வந்தவற்றின் இடத்துக்கு 2023ல் வந்தவை. டைப் செய்ய, வீடியோ பார்க்கப் போதும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். ஆகவே பிராசசரின் முழுப் பெயரையும் எண்ணையும் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மெமரியும் டிஸ்க்கும்

விண்டோஸ் 11 ஓடுவதற்கு 4 ஜிபி மெமரி போதும் என்று மைக்ரோசாப்ட் சொல்வது உண்மைதான். ஆனால் அது இயங்குவதற்கான குறைந்தபட்சம். நிம்மதியாக வேலை செய்வதற்கு அது போதாது. இன்று புதிதாக வாங்குபவர் 8 ஜிபிக்குக் கீழே போகவே கூடாது. நான்கைந்து ஆண்டு உழைக்க வேண்டும் என்றால் 16 ஜிபிதான் என் சிபாரிசு.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "மெமரி போர்டிலேயே பற்றவைத்ததா, தனி ஸ்லாட்டில் இருக்கிறதா?" எடை குறைந்த, மெல்லிய மாடல்கள் பலவற்றில் அது பற்றவைத்துத்தான் வருகிறது. மெமரி வகையில் எல்பிடிடிஆர் என்று தொடங்கினால் அநேகமாக அப்படித்தான். அப்படி இருந்தால் 16 ஜிபி உள்ளதாகவே வாங்கிவிடுங்கள். காலி ஸ்லாட் இருந்தால் இப்போது 8 ஜிபியோடு வாங்கி, தேவைப்படும்போது இன்னொரு 8 ஜிபி சேர்க்கலாம். 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மெமரி சிப்களின் விலை கடுமையாக ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்களுக்காக வாங்கிக் குவித்ததே முக்கியக் காரணம். ஆகவே "பிறகு சேர்க்கலாம்" என்று முடிவு செய்யும் முன் அன்றைய மெமரி விலையையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

டிஸ்க் எஸ்எஸ்டியாக இருக்க வேண்டும், இதில் பேச்சுக்கே இடமில்லை. 512 ஜிபி பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். வாங்கிய பிறகு விண்டோஸ் அதை 476 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பதற வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்காக எண்ணுகிறார், விண்டோஸ் 1024ன் மடங்காக எண்ணுகிறது. அந்த வித்தியாசம்தான் அது. இஎம்எம்சி என்ற சொல்லைப் பார்த்தால் மட்டும் எங்கள் டீச்சரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏஐ ஸ்டிக்கருக்கு எவ்வளவு?

2024ஆம் ஆண்டு மே மாதம் மைக்ரோசாப்ட் "கோபைலட் பிளஸ் பிசி" என்ற பெயரை அறிவித்தது. ஏஐ வேலைகளுக்கென்று தனிப் பகுதி ஒன்று பிராசசருக்குள் இருக்க வேண்டும், மெமரி 16 ஜிபியாவது இருக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகளில் சில. அந்த 16 ஜிபி நல்ல விஷயம். ஆனால் ஸ்டிக்கருக்காக மட்டும் கூடுதலாக ஐயாயிரமோ பத்தாயிரமோ கொடுக்க வேண்டுமா? வேண்டாம் என்பேன். சாட்ஜிபிடி போன்ற சேவைகள் இன்டர்நெட் வழியாக எங்கோ இருக்கும் கம்ப்யூட்டரில்தான் ஓடுகின்றன. சாதாரண லேப்டாப்பிலும் அவை அப்படியே வேலை செய்யும்.

ஸ்னாப்டிராகன் பிராசசர் உள்ள விண்டோஸ் லேப்டாப்களில் பேட்டரி நன்றாக நிற்கிறது. ஆனால் அவை ஆர்ம் வகையைச் சேர்ந்தவை. அந்த வகைக்கென்று எழுதிய டிரைவர் இல்லாவிட்டால் உங்கள் வீட்டுப் பழைய பிரிண்டரோ ஸ்கேனரோ வேலை செய்யாமல் போகலாம். பேப்பரில் எழுதிய சாப்ட்வேர் பட்டியலைச் சரிபார்க்காமல் வாங்க வேண்டாம்.

கடையில் ஏமாறாமல் இருக்க

சில லேப்டாப்கள் விண்டோஸ் இல்லாமல் விலை குறைவாக வரும். "நாங்களே போட்டுத் தருகிறோம் சார், ஆபீசும் சேர்த்து" என்றால் அது பெரும்பாலும் திருட்டுப் பிரதிதான். அதோடு வைரஸும் இலவசமாக வரலாம். விண்டோஸோடு வருவதை வாங்குங்கள், அல்லது லினக்ஸ் கற்றுக்கொள்ளுங்கள். ஆபீஸ் சாப்ட்வேர் ஆயுள் முழுவதுக்குமா, சில நாள் சோதனைக்கு மட்டுமா என்று பில் போடும் முன் கேளுங்கள். கடிதம், கணக்கு எழுத இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸே பலருக்குப் போதும். தமிழில் டைப் செய்யத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. தமிழ் 99 கீ போர்ட் விண்டோஸிலேயே இருக்கிறது, செட்டிங்ஸில் மொழிப் பகுதியில் சேர்த்துக்கொண்டால் போதும்.

இன்னொரு எச்சரிக்கை. இது பலருக்குத் தெரியாது. விண்டோஸ் 11 ஹோம் முதல் முறை இயங்கும்போது மைக்ரோசாப்ட் அக்கவுன்ட் ஒன்றைக் கேட்கும். கடைப் பையன் அவசரத்தில் தன்னுடைய மெயில் ஐடியைக் கொடுத்து வேலையை முடித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். புதிய லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. அந்தப் பூட்டுக்கான மீட்புச் சாவி, முதலில் கொடுத்த அக்கவுன்ட்டில்தான் போய்ச் சேரும். என்றாவது ஒரு நாள் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்டால், உங்கள் பிள்ளையின் புராஜெக்ட்டும் குடும்பப் போட்டோக்களும் யாரோ ஒருவரின் மெயிலுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். ஆகவே பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

வாரன்டி எத்தனை ஆண்டு என்று மட்டும் கேட்காதீர்கள். வீட்டுக்கு வந்து சரிசெய்வார்களா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா, உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். நூறு கிலோமீட்டர் தள்ளி சர்வீஸ் சென்டர் உள்ள நிறுவனத்தின் லேப்டாப் எவ்வளவு மலிவானாலும் எனக்கு வேண்டாம்.

"வட்டியில்லாத் தவணை" என்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள். மொத்தமாகப் பணம் கொடுத்தால் தள்ளுபடி எவ்வளவு? பிராசசிங் கட்டணம் எவ்வளவு? வட்டிக்கு 18 சதவிகித ஜிஎஸ்டி தனியாகப் பிடிப்பார்களா? வட்டியைக் கடைக்காரர் ஏற்றாலும் அதற்கான வரியை வங்கி உங்கள் கணக்கில்தான் எழுதும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் "இல்லாத" வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும்.

பழையது வாங்கலாமா?

வாங்கலாம் என்பதே என் கருத்து, கண்ணை மூடிக்கொண்டு மட்டும் வேண்டாம். பெரிய அலுவலகங்கள் மூன்று, நான்கு ஆண்டு பயன்படுத்திவிட்டு ஒதுக்கும் திங்க்பேட், லாட்டிடியூட், எலைட்புக் போன்ற மாடல்கள், புதுப்பிக்கப்பட்டவை என்ற பெயரில் சென்னை ரிச்சி தெருவில் தொடங்கி எல்லா ஊர்களிலும் கிடைக்கின்றன. அலுவலகத்துக்கென்று செய்தவை என்பதால் கீ போர்டும் கட்டமைப்பும் உறுதியாக இருக்கும். பல மாடல்களைப் பிரித்து மெமரி, டிஸ்க் மாற்றுவதும் சுலபம். இன்டெல் என்றால் எட்டாவது தலைமுறைக்குக் குறையாமல், விண்டோஸ் 11 முறையாக ஏறக்கூடியதாக இருக்க வேண்டும். பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் அதில் இருக்கும். பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துக் கேளுங்கள். பில்லும் எழுத்தில் வாரன்டியும் தராத இடத்தில் வாங்காதீர்கள்.

டீச்சர் கொண்டு வந்த பேப்பர்

2025ஆம் ஆண்டு எங்கள் எதிர்வீட்டு டீச்சர் ஓய்வு பெற்றார். மறுபடியும் லேப்டாப் வாங்க வேண்டும் என்று என்னிடமே வந்தார். பழைய கதையை நினைத்து எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. இந்த முறை அவர் கையில் ஒரு பேப்பர் இருந்தது. நான்கே வரிகள். டியூஷனுக்குத் தமிழில் கேள்வித்தாள் டைப் செய்ய. சிங்கப்பூரில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேச. வீட்டை விட்டு வெளியே போகாது. கண் முன்பு போல் இல்லை, எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும்.

இதற்கு மேல் ஆலோசனை சொல்ல என்ன இருக்கிறது? 15.6 அங்குலத் திரையும் நல்ல கீ போர்டும் உள்ள, புதுப்பிக்கப்பட்ட அலுவலக மாடல் ஒன்று. 8 ஜிபி மெமரி, பக்கத்தில் ஒரு காலி ஸ்லாட், 256 ஜிபி எஸ்எஸ்டி. பழைய லேப்டாப்புக்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக ஆயிற்று. போன வாரம் ஒரு கேள்வித்தாளைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. இது அவருடைய திறமை, லேப்டாப்புடையது அல்ல.

2011ஆம் ஆண்டு தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, பல வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வேலை அப்போது யாருக்கும் இல்லை. இப்போது அந்த வேலை நம்முடையது. கடையில் விளக்கு வெளிச்சமும் தள்ளுபடி போர்டும் நம்மைக் குழப்பத்தான் செய்யும். குழப்பம் வரும்போது சட்டைப் பையில் இருக்கும் பேப்பரை எடுத்துப் படியுங்கள். விற்பனையாளர் சொல்லும் வசதி அந்த நான்கு வரிகளில் எதற்காவது உதவுகிறதா என்று பாருங்கள். உதவினால் பணம் கொடுங்கள். இல்லாவிட்டால் "நன்றி, பிறகு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். லேப்டாப் இன்று இல்லாவிட்டால் நாளை வாங்கலாம், அவசரப்பட்டுக் கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்குவதுதான் கஷ்டம்.